கயிறு கட்டிக்கொண்ட கார்

குறிச்சிவலசில் குடிக்காத ஆம்பிளைகளைக் கணக்கெடுக்கப் போனால் முனியப்பசாமி கோயில் வேப்பமரத்தையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட ஊரில், மாசி மாதத்துச் சாயங்காலம் ஒன்றில், ஜப்பானில் பிறந்து கோயமுத்தூரில் வளர்ந்த சிவப்புக் கார் ஒன்று மூக்குமுட்டக் குடித்துவிட்டு, உள்ளே ஓட்டுகிற ஆள் ஒருத்தரும் இல்லாமல், ரோட்டின் இரண்டு ஓரத்தையும் அளந்துகொண்டு வந்தபோது, டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்களே ஒழிய வேறொன்றும் செய்யவில்லை. "பொழுது உழுகறதுக்குள்ளயே ஆரம்பிச்சுட்டானாட்ட இருக்குது" என்று டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார் கடைக்காரர் பொங்கியண்ணன். காரின் கம்பெனிப் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர்கள் கேஸ் போடுவார்கள், அதனால் கதைக்கு ஒரு நன்மையும் இல்லை.

காரைக் குடிக்கப் பழக்கியவன் மெக்கானிக் சென்னியப்பன். அவன் மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஊருக்குக் கிழக்கே கரும்பாலை இருக்கிறது. ஆலைக்குப் பின்னால், கழிவுப்பாகைக் காய்ச்சி எத்தனால் என்கிற எரிசாராயம் வடிக்கிற இடம் இருக்கிறது. இரண்டுக்கும் சொந்தக்காரரான பெரியவருக்குப் பேரன் ஹரிகோவிந்த் இருக்கிறான், அவனுக்குக் கார் பந்தயப் பைத்தியம் இருக்கிறது. அவனுடைய கார், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போ வைத்தது. பெட்ரோல் ஊற்றி டர்போவின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், இன்ஜினுக்குள் யாரோ ஆணி டப்பாவைக் குலுக்குகிற சத்தம் வந்துவிடும். எத்தனால் குளிர்ச்சி, எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், அதுவும் தாத்தா வீட்டிலேயே டேங்க் டேங்க்காக நிற்கிறது. "சென்னிண்ணா, பங்குனியில ரேசுங்க. எத்தனாலுக்கு மாத்திக் குடுத்துருங்க. பறக்கோணும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

சென்னியப்பன் பெரிய இன்ஜெக்டர் மாட்டினான், பம்ப்பை மாற்றினான், எத்தனால் ரப்பரைத் தின்னும் என்பதால் ஹோஸ்களையெல்லாம் கழற்றி வேறு போட்டான், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எரிபொருள் கணக்கையெல்லாம் புதிதாக எழுதினான். கேனைத் திறந்து டேங்க்கில் கவிழ்த்தபோது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏனென்றால் அவன் வலது மணிக்கட்டில் கயிறு இருந்தது.

அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடியை விட நினைக்கிறவர்கள் முனியப்பன் கோயிலுக்கு வந்து, பூசாரி சொல்லச் சொல்ல இன்னின்னதைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். மீறினால் ரத்தம் கக்கிச் சாக வேண்டியதுதான், முனியப்பன் அதிலெல்லாம் தாட்சண்யம் பார்க்கமாட்டார். ஆனால் எத்தனை நாளைக்கு என்பதைக் கட்டிக்கொள்கிறவரே முடிவு செய்யலாம். அதனால் ஊரில் தீபாவளி வரைக்கும் கட்டினவர்கள் உண்டு, மச்சினி கல்யாணம் வரைக்கும் கட்டினவர்கள் உண்டு, பொண்டாட்டி ஊருக்குப் போகிற வரைக்கும் கட்டினவர்களும் உண்டு. கெடு முடிகிற நாளில் கோயிலிலிருந்து நேராக ஒயின் ஷாப்புக்கு ஒரு ஊர்வலமே போகும். ஆயுளுக்கும் கட்டிக்கொண்டவன் சென்னியப்பன் ஒருத்தன்தான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் பொண்டாட்டி கோகிலவாணி மூன்று வயசு மகளைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விட்டதால் கட்டிக்கொண்டது. கட்டிய பிறகு அவள் திரும்பி வந்தாள், ஆனால் சும்மா வரவில்லை. தினமும் சாயங்காலம் வாசல்படியில் வைத்து, "ஊதுங்க" என்பாள். அவன் ஊதுவான். மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். "இன்னொருக்கா வாடை வந்துதுன்னா நான் போனது போனதுதான். கூப்புட வந்துறாதீங்க" என்று சொல்லியிருந்தாள்.

சென்னியப்பனுக்கு அதில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. குடித்த காலத்தில் அவன் செய்த அக்கிரமங்கள் என்னென்ன என்று ஊரே அவனுக்குச் சொல்லியிருக்கிறது, சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறது. டீக்கடையில் பாட்டுப் பாடுவான். கரண்ட் கம்பத்தைக் கட்டிப்பிடித்து அழுவான். மாமனார் வாசலில் நின்று, "ஏனுங் மாமா, வெளிய வாங்" என்று சவால் விடுவான். தலைகால் புரியாத போதையிலும் மரியாதைக்குச் சொல்கிற 'ங்'கை விடாதவன் என்று அதற்கு ஒரு பெயர்கூட உண்டு. அப்புறம் வாய்க்காலில் படுத்துவிடுவான். இதற்காகவா ஒருத்தி தினமும் வாயை மோந்து பார்ப்பாள் என்று நினைத்துக்கொள்வான், ஆனால் வெளியே சொல்லமாட்டான்.

இப்போது கார், டீக்கடை முன்னால் நின்று, ஹாரனில் ஒரு பாட்டை இழுத்து இழுத்துப் பாடியது. பிறகு கரண்ட் கம்பத்தில் பம்பரைச் சாய்த்துக்கொண்டு, வைப்பர் இரண்டையும் போட்டு, மழையில்லாத கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அழுதது. பிறகு மேற்கு வீதிக்குத் திரும்பி, சென்னியப்பனின் மாமனார் நல்லமுத்துக் கவுண்டர் வாசலில் நின்று, "பாம், பாம், பாம்ங்" என்றது.

"இதென்ன, நம்ம சென்னியாட்டவே இருக்குது?" என்றார் பொங்கியண்ணன்.

அதன் பிறகு கார் தினமும் குடித்தது. சாவியைச் சென்னியப்பன் பையில் வைத்திருந்தாலும், ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டுப் போனாலும், ஆறு மணிக்கெல்லாம் அது எப்படியோ ரோட்டில் இருந்தது. அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. குடிகாரன் எப்படி வெளியே வந்தான் என்று கேட்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. ஊரின் சாயங்காலக் கோஷ்டி அதை ஒரே வாரத்தில் மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்து, பானெட்டின் மேல் மிக்சரும் மாங்காய் ஊறுகாயும் வைத்து உபசரித்தது. காலையில் கார் எவ்வளவு முயன்றும் ஸ்டார்ட் ஆகாமல் முக்கும். எத்தனால் குளிரில் அப்படித்தான் என்று சென்னியப்பன் விளக்கினான், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, "தலைவலிங்க, பாவம்" என்று நாலைந்து பேர் வந்து எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ரேடியேட்டர் மேல் தடவிவிட்டுப் போனார்கள். பால் சொசைட்டியில் நின்ற பெண்கள், "பொண்டாட்டிகிட்டக் காசு புடுங்காமக் குடிக்கற ஒரே சென்மம் இந்த ஊர்ல இதுதானாக்கும்" என்று அதற்கு நற்சான்றிதழே கொடுத்தார்கள். போலீஸ் ஜீப் ஒருநாள் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஊதுகிற கருவியைப் புகைக்குழாயில் வைத்துப் பார்த்தார். கருவி தெரிந்த எண்ணையெல்லாம் காட்டிவிட்டு அணைந்துபோனது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும், வண்டியே குடித்துவிட்டு ஓடினால் என்ன செய்வதென்று யோசித்தபடி ஒரு டீ குடித்தார். அப்புறம், "பாத்துக்குங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஹரிகோவிந்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பகலில் ஆலை ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது கார் முதுகை இருக்கையில் ஒட்டவைத்துவிட்டுப் பாய்ந்தது. "சாயங்காலம் எங்க போனா என்னங்ணா? ஸ்டேட்லயே இப்படி ஒரு வண்டி கெடையாது" என்றான்.

சந்தோஷப்படாதவர் நல்லமுத்துக் கவுண்டர். தினமும் ஆறேமுக்காலுக்குத் தன் வாசலில் நின்று ஒரு கார் சவால் விட்டால் எந்த மனிதருக்குத்தான் பொறுக்கும்? அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார். கோபத்திலும் மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை அவர் குறைக்கிறவர் இல்லை.

"மாப்பிள்ளைங், நீங்க மறுக்காவும் குடிக்கறீங்."

"இல்லீங் மாமா. கயிறு இருக்குது பாருங்."

"கயிறு கெடக்குதுங். அந்த வண்டிக்கு என்ற ஊட்டு வழி ஆருங் சொல்லிக் குடுத்தது? அந்த 'ங்' ஆருதுங்? நீங்க குடிச்சுப்போட்டு அதுக்கும் ஊத்தி உட்டிருக்கறீங். நீங்க ஒரு நாயிங்."

சொல்லிவிட்டு நேராக மகள் வீட்டுக்குப் போனார். துணிமணியை எடுத்து வை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பு என்றார். கோகிலவாணி இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தெனமும் நான்தான மோந்து பாக்கறேன்ப்பா. வாயில ஒண்ணுமில்ல" என்றாள். "வாயை என்னம்மிணி பாக்கறது? ஊரே பாக்குது" என்றார் கவுண்டர். அவள் அரிசியை மறுபடி களைந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வாசல்படியில் ஊதச் சொல்லி, வழக்கத்தைவிட நிறைய நேரம் மோந்தாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்றாள். சென்னியப்பன் அன்றைக்குச் சாப்பிடாமலேயே எழுந்துவிட்டான். செய்யாத தப்புக்கு வீடு போகப்போகிறது என்றால் யாருக்குத்தான் சோறு இறங்கும்?

வெள்ளிக்கிழமை கோயிலில் ஊர் கூடியது. காரைப் பெட்ரோலுக்கே மாற்றிவிடலாம் என்று ஒருத்தர் சொன்னார். பந்தயம் முடிகிற வரைக்கும் முடியாது என்று ஹரிகோவிந்த் சொல்லியனுப்பியிருந்தான். ஆலைக்காரர்களைப் பகைத்துக்கொண்டு கரும்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எல்லாரும் யோசித்தார்கள். கடைசியில் குறிச்சிவலசு மூளைக்குத்தான் எட்டும் என்கிற மாதிரி ஒரு முடிவு வந்தது: குடிக்கிறவர்களுக்கு என்ன செய்வோமோ அதைச் செய்வோம், காருக்குக் கயிறு கட்டுவோம்.

கயிறு வலது கையில் கட்ட வேண்டும். காருக்கு வலது கை எது? முன்சக்கரம் என்றார்கள் சிலர். சக்கரம் கை இல்லை கால், காலில் கட்டினால் அது திருஷ்டிக் கயிறு ஆகிவிடும் என்றார்கள் வேறு சிலர். ஓட்டுகிறவன் பக்கத்துக் கண்ணாடிதான் காதும் இல்லாமல் காலும் இல்லாமல் கை நீட்டுகிற இடத்தில் இருக்கிறது என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். சத்தியத்தைப் பூசாரி சொல்லச் சொல்லக் கார் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹாரன் அடித்தது. சாராயம் தொடமாட்டேன். பாம். பிராந்தி, விஸ்கி தொடமாட்டேன். பாம். பீர் குடியில் சேர்த்தியில்லை என்று ஒருத்தன் ஒருமுறை வாதாடியதால் பீரும் பட்டியலில் இருந்தது, கள் இயற்கை உணவு என்று இன்னொருத்தன் சொன்னதால் கள்ளும் இருந்தது, இருமல் டானிக் குடித்தே போதையேற்றிய ஒரு வாத்தியாரால் இருமல் டானிக்கும் இருந்தது. எல்லாவற்றுக்கும் கார் அடக்கஒடுக்கமாக ஹாரன் அடித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியது. சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. தன் வீடு பிழைத்தது என்று நினைத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. ஆறு மணி அடித்தது. கண்ணாடியில் மஞ்சள் கயிறு ஆட, சிவப்புக் கார் ஊரைப் பார்த்துத் தள்ளாடிக்கொண்டு வந்தது.

டீக்கடையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். முனியப்பன் கயிற்றைக் கட்டிக்கொண்டு குடித்ததாக அந்த ஊரில் இதுவரை சரித்திரம் இல்லை. ரத்தம் கக்கப்போகிறது என்று எல்லாரும் புகைக்குழாயையே பார்த்தார்கள். பூசாரி ஓடிவந்து பார்த்தார், விரல் விட்டு ஏதோ எண்ணினார், பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "எத்தனாலைச் சொல்லாம உட்டுட்டனுங்களே! சாமி மேலயும் குத்தமில்ல, வண்டி மேலயும் குத்தமில்லீங்" என்றார்.

சென்னியப்பன் அன்றைக்கு முதல்முறையாகக் காரின் பின்னாலேயே நடந்தான். வேறென்ன செய்ய? நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. கார் டீக்கடையில் பாடியது, அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கம்பத்தில் அழுதது, நின்றான். தன்னைத் தானே வேடிக்கை பார்ப்பது வெட்கமாக இருந்தாலும், பொய் சொல்வானேன், கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. மாமனார் வாசலில் "பாம்ங்" என்று அது இழுத்தபோது அவனுக்கே உதட்டில் சிரிப்பு முட்டியது. இனி வாய்க்கால், அவ்வளவுதான் என்று நினைத்தான்.

கார் மற்ற நாள் மாதிரி வாய்க்காலுக்குப் போகவில்லை. கிழக்கே திரும்பி, அவன் குடியிருக்கிற வீதிக்குள் நுழைந்தது. கயிறு கட்டிய குழப்பத்தில் வழி தப்பிவிட்டது போலிருக்கிறது என்று அவன் நினைத்தான். வழியெல்லாம் தப்பவில்லை. அவனுக்குத்தான் அந்த வழி தெரியாது.

வீதிக்குள் கார் வந்ததும், வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் நாரைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியது. அதற்கடுத்த வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். யாரும் பதறவில்லை, யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை, மழைக்குத் துணி எடுக்கிற மாதிரி, என்றைக்கோ பழகின காரியமாக வீதி முழுவதும் மூடிக்கொண்டது. இவர்கள் எதற்கு இப்படிச் செய்கிறார்கள் என்று சென்னியப்பன் திகைத்து நின்றான்.

கோகிலவாணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். கார் நின்றது. ஹாரன் அடிக்கவில்லை, பாடவில்லை. இன்ஜின் மட்டும் அடிக்குரலில் உறுமியது. அந்தக் குரலை ஊரில் வேறெங்கும் அது காட்டியதில்லை. அவள் மெதுவாக வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர் வரைக்கும் பின்னால் போனாள். கார் அவள் மேல் பாய்ந்தது. டர்போ கூவ, வாளி நசுங்க, ஒரு சாண் இடைவெளியில் பிரேக் பிடித்து நின்றது. பின்னால் வந்தது, மறுபடி பாய்ந்தது, மறுபடி நின்றது.

அவள் கத்தவில்லை. இடது கையை மடக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். வலது கையால், தன் முதுகுக்குப் பின்னால், யாரையோ சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அங்கே யாரும் இல்லை. மகள் தன்யஸ்ரீ டியூஷனுக்குப் போயிருந்தாள். அவளுக்கு இப்போது அம்மாவின் தோள் உயரம். கோகிலவாணியின் கை இடுப்புக்கும் கீழே, ஒரு மூன்று வயசுப் பிள்ளையின் தலை இருக்கிற உயரத்தில், காற்றைப் பொத்திக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் ஓடிப்போய் நடுவில் விழுந்தான். எதற்கு விழுந்தான், எப்படி விழுந்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. பம்பர் அவன் நெஞ்சில் இடித்து நின்றது. அப்போதுதான் கோகிலவாணி முகத்திலிருந்து கையை எடுத்தாள். அவனைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். மூலையில் கிடந்த, வாசல் கூட்டுகிற சீவக்கட்டையை எடுத்தாள்.

"குடிச்சுப்போட்டு வந்து ஆர்ரா நீ, என்ற ஊட்டு வாசல்ல?" என்று பானெட்டின் மேல் ஒன்று போட்டாள். "சோத்துல உப்பில்லைன்னா அடிப்பியா? உப்பு இருந்தா அதுக்கும் அடிப்பியா? பச்சப் புள்ளை மேல கல்லெடுப்பியா? உனக்குப் பாட்டு வேற கேடா, பாட்டு?" கேள்விக்கு ஒன்றாக விளாசினாள். சீவக்கட்டை பிரிந்து ஈர்க்குகள் பறந்தன. விளக்கு ஒன்று உடைந்தது. ஜப்பான்காரன் பார்த்துப் பார்த்து அடித்த சிவப்புப் பெயின்ட் கோடுகோடாகக் கிழிந்தது. கார் மெல்ல மெல்லக் குரல் இறங்கி, இரண்டு விக்கல் விக்கி, அணைந்துபோனது. ஒவ்வொரு அடிக்கும் கீழே கிடந்த சென்னியப்பன் கண்ணை மூடி மூடித் திறந்தான்.

அடித்து முடித்துவிட்டு அவள் படியில் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்காரத் துணியாமல் வாளிக்குப் பக்கத்தில் தரையிலேயே இருந்தான்.

"ஏம்மிணி, நான் இப்பிடியா பண்ணுனேன்?"

"இப்பிடியேதானுங்க. காருக்குக் கையில்ல. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

அவனுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் தனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்ததால் விழுங்கிக்கொண்டான். "எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லுல?"

"ஆருகிட்டச் சொல்றது? அடிச்சவரு காலையில இருக்க மாட்டாருங்க. காலையில எந்திரிக்கறவரு வேற ஆளு. காபி எங்கம்பாரு, புள்ளையைக் கொஞ்சுவாரு. அந்த நல்ல மனுசன்கிட்டப் போயி, நேத்து இன்னொருத்தரு வந்தாருன்னு எப்பிடிச் சொல்றது? ஊரும் உங்ககிட்டப் பாட்டுப் பாடுனதை மட்டும்தான சொல்லுச்சு?"

எதிர்வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்து மறுபடி சாத்தியது. மறுநாள் அவன் பெரிய இன்ஜெக்டரையெல்லாம் கழற்றிவிட்டுப் பெட்ரோல் ஊற்றியதும், ஹரிகோவிந்த் வானத்துக்கும் பூமிக்கும் குதித்ததும், பந்தயத்தில் அந்தக் கார் ஆணி டப்பாவைக் குலுக்கிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்ததும் நடந்ததுதான். ஆனால் அப்போது சென்னியப்பன் அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் கேட்டுவிட்டான்.

"நீ போயிருவியா?"

கோகிலவாணி பிரிந்துபோன சீவக்கட்டையை ஓரமாக வைத்தாள்.

"இத்தனை வருசமா இதை நான் ஒருத்தியே நெனப்புல வெச்சிருந்தனுங்க. இப்ப நீங்களும் பாத்துட்டீங்க. இனி நீங்க வெச்சுக்குங்க. நான் கொஞ்சம் மறக்கறேன்."

எழுந்து, அவனை ஊதச் சொல்லாமலேயே உள்ளே போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் தூங்கி மூச்சு சீராகிற வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு விழித்திருந்து, அதன் பிறகே கண்ணை மூடிப் பழகியவள், அன்றைக்கு ஏழரை மணி சீரியலின் பாதியிலேயே, சுவரில் சாய்ந்தபடி, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். சென்னியப்பன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.